தம்பி மில்லின் நூல் பில்

அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் அப்பா கணக்குப்பிள்ளை. ராத்திரி சாப்பிட்டதும் பேரேட்டை விரித்து, பற்று எது வரவு எது என்று எனக்குக் காட்டுவார். 2012-இல் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.காம். முடித்தேன். இன்று மும்பையில் ஓர் இன்வெஸ்ட்மென்ட் பேங்க்கில் இருக்கிறேன். எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் போன் செய்து, எப்படிப் போனீர்கள் அக்கா என்று கேட்கிறார்கள்.

ஊரில் பலர் இதை டெபாசிட் போடும் வங்கி என்றே நினைக்கிறார்கள். ஒரு கம்பெனி பங்குச் சந்தைக்கு வர நினைக்கும். இல்லையென்றால் இன்னொரு கம்பெனியை வாங்க நினைக்கும். அதற்கு விலை மதிப்பிட்டு, ஆவணம் எழுதி, முதலீட்டாளர்களைத் திரட்டித் தருவது எங்கள் வேலை. பங்கு வெளியீட்டை நடத்தித் தருபவருக்குச் சட்டத்தில் மெர்ச்சன்ட் பேங்கர் என்று பெயர். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் பதிவு பெறாமல் அதைச் செய்ய முடியாது.

பெரிய பேங்குகள் புதியவர்களைப் பெரும்பாலும் ஐ.ஐ.எம். போன்ற சில வளாகங்களிலேயே எடுக்கின்றன. எங்கள் கல்லூரியில் இப்படியொரு வேலை இருப்பதையே யாரும் சொன்னதில்லை. பிற்பாடு ஒரு பேங்க்கில் நேரில் போய் விண்ணப்பம் கொடுத்தபோது, கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, “இது எங்கள் பட்டியலில் இல்லையே” என்று திருப்பித் தந்தார்கள். தாதர் ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதேன். அது நியாயம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு வழிவிட்டது ஆடிட்டர் படிப்புதான். சி.ஏ. தேர்வில் விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு நீங்கள் எந்தக் கல்லூரி என்று தெரியாது. பி.காம்.மில் 55 சதவீதம் இருந்தால் நேராக இரண்டாம் கட்டத்தில் சேரலாம். கூடவே ஆடிட்டரிடம் ஆர்ட்டிகல்ஷிப் என்னும் பயிற்சி, எனக்கு 3 ஆண்டுகள், இப்போது 2 ஆக்கிவிட்டார்கள். மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஸ்டாக் எண்ணினேன், வவுச்சர் சரிபார்த்தேன். கடைசிக் கட்டத்தை மூன்றாம் முறையில் தாண்டினேன்.

பெரிய இடங்களுக்கு எழுதிப் பார்த்துவிட்டு, சிறு கம்பெனிகளைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவரும் ஒரு சின்ன மெர்ச்சன்ட் பேங்கரிடம் சேர்ந்தேன். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கென்று மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் 2012-இல் தனி மேடை திறந்தன. வெளியீட்டுக்குப் பிறகு செலுத்தப்பட்ட மூலதனம் 25 கோடி ரூபாய்க்குள் இருக்கும் கம்பெனிகளுக்கானது அது. பங்கு விற்காமல் மீந்தால் வாங்கிக்கொள்வதாக முழு வெளியீட்டுக்கும் உறுதி தரப்பட வேண்டும். அதில் குறைந்தது 15 சதவீதத்தை மெர்ச்சன்ட் பேங்கரே தன் கணக்கில் ஏற்க வேண்டும். சொந்தப் பணம் மாட்டும் இடத்தில், பில்லைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு.

என் முதல் கம்பெனி திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். ஒரே மில்லிலிருந்து மட்டும் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாக நூல் வாங்கியிருந்தார்கள். நூல் விலை அப்பாவின் வாயிலிருந்து தினமும் கேட்டது எனக்கு. முதலாளியிடம் கேட்டேன்.

“அது எங்க தம்பி மில்லுங்க அம்மிணி. அதைப் போயி எதுக்குங்க எழுதோணும்?”

“எழுதித்தான் ஆகணும்ங்கய்யா. பங்கு வாங்குறவங்களுக்குத் தெரியணும்ல?”

சொந்தக்காரர்களோடு நடக்கும் வியாபாரத்தை வெளிப்படையாகச் சொல்லாத ஆவணம், பங்கு வாங்குகிறவரை ஏமாற்றும் ஆவணம். இரண்டு நாள் பேசி எழுதவைத்தேன். அதைக் கவனித்த எங்கள் மேலதிகாரி, பெரிய பேங்க் ஒன்றுக்கு மாறியபோது என்னையும் பரிந்துரைத்தார். அங்கே யாரும் கல்லூரியைக் கேட்கவில்லை. எந்தெந்த வெளியீடுகளில் வேலை பார்த்தாய் என்றுதான் கேட்டார்கள்.

அதனால் போன் செய்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் வேலைதான் கொடுக்கிறேன். செபி இணையதளத்தில் கம்பெனிகளின் வரைவு ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தெரிந்த தொழிலில் ஒன்றை எடுத்து, இடர்களைச் சொல்லும் பகுதியை முதலில் படித்து, எக்செல்லில் கம்பெனியின் மதிப்பைப் போடச் சொல்கிறேன். பங்குகளின் மொத்த மதிப்போடு கடனைக் கூட்டி, கையிருப்பு ரொக்கத்தைக் கழித்தால் தொழிலின் மதிப்பு வரும்.

போன வாரம் ஒரு மாணவி கோழிப்பண்ணைக் கம்பெனி ஒன்றைப் போட்டு அனுப்பியிருந்தாள். தீவனச் செலவை மாவட்டத்து விலையோடு ஒப்பிட்டிருந்தாள். அதை நான் சொல்லித்தரவில்லை. ரொக்கத்தைக் கழிக்க மட்டும் மறந்திருந்தாள். திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.