எண்ணெயா, நெகிழியா: ஒளி சொல்லும் கணக்கு

பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்ட மலாக்காவில், செம்பனை எண்ணெய் தஞ்சோங் கிளிங் ஊர்த் தமிழருக்குச் சமையற்கட்டுப் பொருளாகவே பழகியிருந்தாலும், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. சுதேஷ் குமாரின் ஆய்வுக்குழு அதை நெகிழியின் மூலப்பொருளாகவும் பயன்படுத்தி வருகிறது. இந்த எண்ணெயைத் தீனியாகக் கொள்ளும் குப்ரியாவிடஸ் நெக்கேட்டர் என்னும் பாக்டீரியா, நைட்ரஜன் குறைந்து கார்பன் மிகுந்த நிலையில், பாலிஹைட்ராக்சிஅல்கனோயேட் என்னும் மக்கும் நெகிழியைத் தன் உடலுக்குள் மணிமணியாகச் சேமிக்கிறது. இயல்பாக அது சேமிப்பது எளிதில் நொறுங்கும் வகை என்பதால், குரோமோபாக்டீரியம் போன்ற வேறு பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்தி, வளைந்துகொடுக்கும் வகையை விளைவிக்கின்றனர்.

விளைந்ததை அளப்பதுதான் சிக்கல். வழக்கமான முறையில் செல்களைப் பிரித்து, உறையவைத்து உலர்த்தி, அமிலம் கலந்த மெத்தனாலில் இரண்டு மணிநேரத்திற்கு மேல் சூடாக்கி, வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்த வேண்டும்; விடை கிடைப்பதற்குள், உணவு தீர்ந்த பாக்டீரியா தன் சேமிப்பையே தின்னத் தொடங்கியிருக்கலாம்.

ஒளியைக் கொண்டு பொருளை அறியும் நிறமாலையியல் இந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது. நெகிழியிலுள்ள கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு அகச்சிவப்பு ஒளியைக் குறிப்பிட்ட அதிர்வில் உறிஞ்சுவதால், ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையாகிய அலையெண் 1,740 அளவில் ஒரு முகடு எழுகிறது. உயிருள்ள செல்லில் ஒழுங்கற்றுக் கிடக்கும் நெகிழி மூலக்கூறுகள் உலர்த்தும்போது படிகமாவதால் அம்முகடு 1,723 அருகே நகர்ந்துவிடும். ஆகவே மாதிரி எந்த நிலையில் இருந்தது என்று குறிக்காத அளவீட்டை நம்புவதற்கில்லை.

தண்ணீர் அகச்சிவப்பைப் பெரிதும் விழுங்கிவிடுவதால், பாக்டீரியா வளரும் கலனிலேயே அளக்க ராமன் விளைவு ஏற்றதாகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனுடன் 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்து, 1930-இல் நோபல் பரிசு பெறக் காரணமான அவ்விளைவில், சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி நிறம் மாறி மூலக்கூறின் அடையாளத்தைத் தாங்கி வருகிறது. தண்ணீர் இதில் குறைவாகவே குறுக்கிடும்.

எனினும் செம்பனை எண்ணெயைப் பொறுத்தவரை ஒரு வில்லங்கம் உண்டு. எண்ணெயும் நெகிழியைப் போலவே எஸ்டர் என்னும் வேதிவகையைச் சேர்ந்தது என்பதால், கலனில் எஞ்சிய எண்ணெய்த் துளிகளும் ஏறத்தாழ அதே இடத்தில் முகடு காட்டி, தீனியை விளைச்சலாகக் கணக்கில் ஏற்றிவிடக்கூடும். அதனால்தான் செல்களை முதலில் ஹெக்சேன் கரைப்பானால் கழுவுகின்றனர். ஒளி தரும் அளவீட்டையும் பழைய வாயு நிறப்பகுப்பின் விடையோடு ஒப்பிட்டே அளவுகோலாக்க வேண்டியிருக்கிறது.