தண்ணீரில் ஓடிய பொருளாதாரம்

1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள். லண்டன் பொருளாதாரப் பள்ளியின் கருத்தரங்கு ஒன்றில் ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள ஒரு விந்தையான இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே ஓடுவது வெளியே தெரியும் பெர்ஸ்பெக்ஸ் தொட்டிகள், குழாய்கள், மிதவைகள், கயிறுகள், கப்பிகள். அடியில் ஒரு பம்பு. பம்பு ஓடியதும் சாயம் கலந்த நீர் உச்சிக்கு ஏறிக் கிளை கிளையாகப் பிரிந்து இறங்கியது. அந்த நீர் வேறொன்றுமில்லை, ஒரு நாட்டின் வருமானம்!

இதைச் செய்தவர் பில் பிலிப்ஸ் என்னும் நியூஸிலாந்துக்காரர். நீர் மின் நிலையத்தில் மின் வேலை கற்றவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு மூன்றரை ஆண்டுகள் ஜாவாவில் கிடந்தவர். போருக்குப் பின் லண்டனுக்கு வந்து சமூகவியல் படித்தார். பொருளாதாரப் பாடம் அவருக்கு எளிதில் பிடிபடவில்லை. சமன்பாடுகளைக் கண்டபோதெல்லாம் அவர் மனத்தில் தோன்றியவை குழாய்களும் தொட்டிகளுமே. லீட்ஸ் பல்கலைக்கழகப் பொருளாதார ஆசிரியர் வால்டர் நியூலின் துணையுடன், குரோய்டன் நகரில் ஒரு கார் கொட்டகையில், 1949ஆம் ஆண்டுக் கோடையில் முதல் இயந்திரத்தை உருவாக்கினார். போர் விமானங்களிலிருந்து கழித்த உதிரிப் பொருள்களும் அதில் பயன்பட்டன.

இயந்திரம் எவ்வாறு வேலை செய்தது? உச்சியிலிருந்து இறங்கும் வருமானத்திலிருந்து முதலில் வரி ஒரு பக்கம் பிரிந்து செல்லும். அடுத்துச் சேமிப்பு பிரியும். எஞ்சியது மக்களின் செலவு. அதிலும் ஒரு பகுதி இறக்குமதிக்காக வெளியேறிவிடும். கீழே வரவர அரசின் செலவு, முதலீடு, ஏற்றுமதி ஆகியவை வந்து கலக்கும். யாவும் அடித்தொட்டியில் சேர்ந்து, மீண்டும் வருமானமாக மேலே ஏறும். சேமிப்புத் தொட்டியில் நீர் உயர்ந்தால் அதிலுள்ள மிதவையும் உயரும். வட்டி குறைந்தது என்பது அதன் பொருள். மிதவையோடு இணைந்த கயிறு முதலீட்டு வால்வை இன்னும் சற்றுத் திறந்துவிடும். இவை நடந்துகொண்டிருக்கும்போதே, நகரும் காகிதத்தில் பேனா ஒன்று நாட்டு வருமானத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரையும்.

நீருக்கும் பணத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். தொட்டியின் மட்டம் எவ்வளவு வேகமாக உயரும்? வரும் நீரிலிருந்து போகும் நீரைக் கழித்தால் தெரியும். மின்தேக்கியில் சேரும் மின்னூட்டம், பானையில் ஏறும் வெப்பம், வங்கிக் கணக்கில் சேரும் தொகை ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். சமன்பாடு ஒன்றாக இருக்கும்போது, ஒன்றைக் கொண்டு மற்றொன்றின் நடத்தையை அறியலாம். இவ்வாறு கணக்கிடும் கருவிகளுக்கு ஒப்புமைக் கணிப்பொறி என்று பெயர்.

பார்ப்பதோடு நில்லாமல் கட்டுப்படுத்தவும் முயன்றால்தான் வேடிக்கை தொடங்குகிறது. ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொட்டியில் எப்போதும் 100 குடம் நீர் இருக்க வேண்டும். அன்றாட வரவும் செலவும் சமம். ஒரு நாள் எப்படியோ 10 குடம் குறைந்துவிட்டது. காவலாளிக்கு இட்ட கட்டளை இது: குறைந்தால் குறைந்த அளவை ஊற்று, மிகுந்தால் மிகுந்த அளவை இறைத்துவிடு. அவர் அன்றைய மட்டத்தைக் கண்டு ஊற்றினால் மறுநாளே 100 ஆகிவிடும். ஆனால் அவருக்குக் கிடைப்பதோ முந்தின நாளின் மட்டம்! முதல் நாள் 90 இருந்தும், 'நேற்று 100' என்ற செய்தியை நம்பிச் சும்மா இருக்கிறார். இரண்டாம் நாளும் 90தான். இப்போது '90' என்னும் செய்தி வருகிறது; 10 ஊற்றுகிறார். மூன்றாம் நாள் 100 ஆகிவிட்டது. ஆயினும் அவர் கையிலுள்ள செய்தி '90'. மேலும் 10 ஊற்றுகிறார். தொடர்ந்து போட்டுப் பாருங்கள்: 90, 90, 100, 110, 110, 100, 90, 90... இந்த ஊசல் நிற்பதே இல்லை. செய்தி இரண்டு நாள் பழையதானால் இன்னும் மோசம்: 90, 90, 90, 100, 110, 120, 120, 110, 90, 70! தொடக்கத்தில் 10 குடமாக இருந்த பிழை 30 ஆகிவிட்டது. காவலாளி சோம்பேறியும் அல்லர், முட்டாளும் அல்லர். கட்டளையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியவர்.

மாற்று வழி உண்டா? ஒரு நாள் பழைய செய்தியே ஆயினும், குறைந்ததில் பாதியை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள்: 90, 90, 95, 100, 102.5, 102.5, 101.25, 100. ஊசல் அடங்கி வருகிறது. இன்னொரு வழியும் உண்டு. தாம் ஊற்றியும் செய்தியில் இன்னும் சேராத குடங்களைக் காவலாளி நினைவில் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்பவர் தொட்டியின் மாதிரி ஒன்றைத் தம் தலைக்குள் வைத்திருக்கிறார் எனலாம். இரசாயன ஆலைகளில் தாமதம் மிகுந்த இடங்களில் கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள் இந்த உபாயத்தையும் கையாளுகிறார்கள்.

அரசுகளின் நிலையும் காவலாளியின் நிலைதான். வேலையின்மை பற்றிய புள்ளிவிவரம் வந்து சேர மாதங்கள் ஆகும், முடிவெடுக்க மாதங்கள், பலன் தெரிய மேலும் மாதங்கள். 1954இல் பிலிப்ஸ் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பொறியாளர்கள் அறிந்த மூவகைத் திருத்தங்களையும் பொருளாதாரத்துக்குப் பொருத்திப் பார்த்தது. பிழையின் அளவுக்கேற்பத் திருத்துவது ஒன்று. அது மட்டும் போதாது, சிறு குறை எஞ்சிவிடும். நாள்பட்டுத் திரண்ட பிழைக்கேற்பத் திருத்துவது மற்றொன்று. அது குறையைத் தீர்க்கும், ஆனால் ஊசலாட்டத்தைக் கிளப்பும். பிழை மாறும் வேகத்துக்கேற்பத் திருத்துவது மூன்றாவது. அது ஊசலாட்டத்தைத் தணிக்கும். மந்தத்தைப் போக்க எடுத்த நடவடிக்கையே பொருளாதாரத்தை ஆட்டங்காணச் செய்யலாம் என்பது அதனால் தெளிவாயிற்று. வேலை இழப்பவர்களுக்கு இது வெறும் கணக்கன்று.

பின்னாளில், 1977இல், நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட், இந்த இயந்திரத்தைக் கொண்டு பாடம் நடத்தினார். வரியையும் அரசுச் செலவையும் ஒரு மாணவர் கையிலும், பணப் புழக்கத்தை மற்றொருவர் கையிலும் கொடுப்பார். ஒருவர் செய்வதை மற்றவர் பொருட்படுத்தாமல் இருவரும் வால்வுகளைத் திருகினால், நீர் மட்டம் தாறுமாறாக ஆடும்.

ஆனால் எந்த மாதிரியும் மூலப்பொருளாகிவிடாது. நாளை விலை ஏறும் என்று தண்ணீர் அஞ்சுவதில்லை. அது செய்தித்தாளும் படிப்பதில்லை. மனிதர்கள் படிக்கிறார்கள், அதற்கேற்ப இன்றே நடத்தையை மாற்றிக்கொள்கிறார்கள். இந்தப் பெருங்குறையைப் பிலிப்ஸின் குழாய்களால் காட்ட இயலவில்லை.

இத்தகைய இயந்திரங்கள் ஒரு டஜனுக்குச் சற்று மேல் செய்யப்பட்டன. மெல்போர்ன், இஸ்தான்புல் பல்கலைக்கழகங்களுக்கும் குவாத்தமாலா நாட்டின் மத்திய வங்கிக்கும் கூட ஒவ்வொன்று போயிற்று. எண்முறைக் கணிப்பொறி வந்தபின் அவை மூலையில் ஒதுங்கின. பிலிப்ஸ் 1975இல் காலமானார். ஓர் இயந்திரம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உள்ளதைப் பழுதுபார்த்து மீண்டும் ஓடச் செய்திருக்கிறார்கள். அங்கே வரி வால்வைச் சற்று மூடிவிட்டு, அந்த மாற்றம் குழாய் குழாயாக இறங்கிப் பேனா முனையை எட்டும் வரை காத்திருந்து பார்க்கலாம்.