பெருங்கொம்பு ஆட்டின் நோய்

வட அமெரிக்காவின் றொக்கி மலைச்சாரல்களிலே பெருங்கொம்புச் செம்மறி என்னும் காட்டாடு வாழ்கின்றது. முதிர்ந்த கடாவின் கொம்புகள் மட்டும் 14 கிலோகிராம் வரை நிறையுடையன. செங்குத்துப் பாறையில் ஏறி ஓநாய்க்குத் தப்பும் இவ்விலங்கு, வளர்ப்புச் செம்மறியின் மூச்சுக்குத் தப்புவதில்லை.

ஐடகோ, ஒறிகன், வாஷிங்டன் மாநிலங்கள் கூடுமிடத்திலுள்ள ஹெல்ஸ் பள்ளத்தாக்கில் 1995-96 குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான ஆடுகள் நியுமோனியாவால் மாண்டன. அடுத்துவந்த ஆண்டுகளிலோ குட்டிகள் பிறந்த சில வாரங்களில் மடிந்தன. தாய்கள் நலமாய் மேயக் குட்டிகள் மட்டும் மடிவானேன்? ஆராய்ச்சியாளரை நெடுங்காலம் அலைக்கழித்த வினா இது.

மைக்கோபிளாஸ்மா ஓவிநியுமோனியே என்னும் நுண்ணுயிரே நோயின் தொடக்கம். வளர்ப்புச் செம்மறியின் மூக்கில் பெருந்தீங்கின்றித் தங்கும் இது, காட்டாட்டின் சுவாசக் குழாயில் அழுக்கை வெளித்தள்ளும் நுண்மயிர்களை முடக்குகின்றது. காவல் தளரவே வேறு கிருமிகள் நுரையீரலுள் இறங்குகின்றன. பிழைத்த தாய்களுட் சில இக்கிருமியை ஆண்டுக்கணக்காய்ச் சுமக்கின்றன. குட்டிகளுக்குத் தொற்றுவது அவற்றிடமிருந்தே.

ஆகவே மூக்குச் சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்து, கிருமி நீங்காத ஆடுகளை மந்தையினின்றும் அகற்றிப் பார்த்தனர். குட்டிகள் பிழைக்கத் தொடங்கின. அகற்றியவற்றுட் சிலவற்றைக் கொல்லவும் நேர்ந்தது, கொடிய வைத்தியந்தான். வளர்ப்பு மந்தைகளைத் தொலைவில் மேய்ப்பது மேலான வழி. ஆயினும் அம்மேய்ச்சல் நிலத்தையே நம்பிப் பிழைக்கும் இடையரும் அங்குளர்.