கண் பார்த்த வயலும் காமிரா பார்த்த வயலும்

கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில், திருவையாற்றுக்கு அருகே ஒரு வரப்பின்மேல் முக்காலியை ஊன்றி நின்றிருந்தேன். கல்லூரியில் இயற்பியல் நடத்துவது என் தொழில். விடுமுறை நாட்களில் காமிராவைத் தூக்கிக்கொண்டு காவிரிக் கரையிலும் வயல்வெளியிலும் திரிவது என் பொழுதுபோக்கு. சூரியன் தென்னந்தோப்புக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. சம்பாப் பயிர் தூர்கட்டி நின்ற வயலைப் படம் எடுத்தேன். வயலுக்குரிய பெரியவர் அருகில் வந்து காமிராவின் திரையை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“என்ன தம்பி, பயிரு இப்படி மஞ்சளாக் கெடக்கு? நாளைக்கே ஒரு மூட்டை யூரியா வாங்கிப் போடணும் போலிருக்கே!”

“அவசரப்படாதீங்க ஐயா. காலையில இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்” என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே வரப்பிலிருந்து அதே வயலை மீண்டும் எடுத்தேன். பயிர் நல்ல பச்சையாக இருந்தது. பெரியவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேவையில்லாத யூரியா பணத்துக்கு நட்டம் மட்டுமன்று. தழைச்சத்து மிகுந்த பயிரை இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் எளிதில் தாக்கும். பயிரின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பி யோசனை கேட்கும் காலம் இது. ஒரு படம் தவறாகச் சொன்னால் ஒரு குடும்பத்தின் விளைச்சலே பாதிக்கப்படலாம்.

அப்படியானால் காமிரா பொய் சொல்கிறதா? இல்லை. அது தன் வழியில் உண்மையைத்தான் சொல்கிறது. அந்த வழி எது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நிறம், நேரம், கோணம் ஆகிய மூன்றிலும் காமிரா கண்ணிலிருந்து வேறுபடுகிறது. ஒவ்வொன்றாகக் காண்போம்.

நிறம்: மாலை மஞ்சள் எங்கிருந்து வந்தது?

உச்சி வெயிலைவிட அந்தி வெயில் காற்று மண்டலத்தில் மிக நீண்ட தூரம் கடந்து வருகிறது. சூரியன் தொடுவானத்தைத் தொடும்போது அந்தத் தூரம் ஏறத்தாழ 40 மடங்கு ஆகிறது. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன. அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் இச்சிதறல் அமையும். 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப்போல நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சிதறுகிறது. ஆகவே அந்தி வெயில் வயலை வந்தடையும்போது அதில் நீலம் பெரும்பாலும் வழியிலேயே பிரிந்துபோயிருக்கும். மஞ்சளும் சிவப்பும் எஞ்சியிருக்கும்.

அதே நேரத்தில் பெரியவர் தம் கண்ணாலும் வயலைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? அப்போது மஞ்சள் தெரியவில்லையே! காரணம், நம் கண்ணும் மூளையும் சேர்ந்து ஒளியின் நிற மாற்றத்தை ஓரளவு கழித்துவிடுகின்றன. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்திலும் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிகிறதல்லவா? காமிரா அப்படித் தானாகக் கழிப்பதில்லை. அதற்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். நான் அன்று காமிராவை நண்பகல் வெயிலுக்கு ஏற்றபடி நிறுத்தி வைத்திருந்தேன். தவறு என்னுடையதே. கைப்பேசிகள் இக்கணக்கைத் தாமே ஊகித்துப் போட்டுக்கொள்கின்றன. வயல் முழுவதும் ஒரே பச்சையாக இருந்தால் அந்த ஊகமும் சில சமயம் பிசகும்.

இச்சிக்கல் புதியதன்று. 1858-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராகத் தஞ்சைக்கு வந்தார். தஞ்சையிலும் திருவையாற்றிலும் அவர் எடுத்த படங்கள் அவ்வாண்டிலேயே தொகுப்பாக வெளிவந்தன. 1010-இல் முடிவுற்ற பெரிய கோயிலின் விமான அடித்தளத்தில் சுற்றிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். எழுத்துகளைக் கையால் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக ஒளியையே எழுத்தராக வைத்துப் படியெடுத்த அரிய முயற்சி அது.

ஆனால் அவருடைய படங்களில் வரும் மேகங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. பலவற்றில் மேகங்களை அவரே எதிர்ப்படத்தின்மேல் தூரிகையால் தீட்டினார்! அவர் பயன்படுத்தியது மெழுகு ஊட்டிய காகிதம். அதில் ஏற்றிய வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையுமே நன்கு உணரும். பச்சையையும் சிவப்பையும் அனேகமாக உணரா. ஆகவே நீல வானமும் வெண்மேகமும் ஒரே அளவில் பதிந்து, வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மரங்களோ கரிக்கட்டையாகத் தெரியும். 1873-இல் ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் வெள்ளி உப்புகள் பச்சை ஒளியையும் உணரும் என்று கண்டுபிடித்தார். அதன் பின்னரே காமிராவுக்குப் பயிரின் பச்சை சரிவரத் தெரியத் தொடங்கியது. இன்றைய டிஜிட்டல் காமிராவின் உணர்தகட்டிலோ, பெரும்பாலும் பாதிப் புள்ளிகள் பச்சைக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. நீலத்துக்குக் கால் பங்கு, சிவப்புக்குக் கால் பங்கு. நம் கண் பச்சைப் பகுதியில் மிகக் கூர்மையாக உணர்வதே இதற்குக் காரணம்.

நேரம்: நட்டவர்கள் எங்கே?

கண் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பார்க்கிறது. காமிராவோ ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் வந்த ஒளியை ஒரே தாளில் கூட்டிவிடுகிறது. கூட்டுத்தொகை மட்டும் நமக்குக் கிடைக்கும்; எந்த நொடியில் எது வந்தது என்பது கிடைக்காது.

புரட்டாசி மாதம், மேகமூட்டமான ஒரு காலையில் நடவு நடந்துகொண்டிருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் உள்ளே விடும் கறுப்பு வடிகட்டியை லென்சில் மாட்டி, ஒரு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தேன். வரப்பும், கரையோரப் பனையும், நட்டு முடித்த நாற்று வரிசையும் தெளிவாகப் பதிந்தன. குனிந்தும் நிமிர்ந்தும் பின்னோக்கி நகர்ந்த பெண்கள் புகைபோல ஒரு மங்கலாகிவிட்டனர். படத்தைப் பார்த்த ஓர் அம்மாள் கேட்டார்: “நாங்க எங்க தம்பி? நாத்து தானா நட்டுக்கிச்சா?”

அந்தக் கேள்வி இன்றுவரை என் மனத்தில் நிற்கிறது. டிரைப்பின் காலத்தில் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஒளி தேவைப்பட்டது. அசையாமல் நின்றவர்களே அதில் பதிவார்கள். நடந்து போனவர்கள் பதியமாட்டார்கள். பழைய படத்தில் ஒரு தெருவோ கோயில் முற்றமோ வெறிச்சோடிக் கிடந்தால், “அன்று அங்கே ஆளே இல்லை” என்று முடிவு கட்டுவது அறிவியலாகாது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் குறையையே விளையாட்டாகவும் மாற்றலாம். ஷட்டரை அரை நொடி திறந்து வைத்து, அதற்குள் காமிராவைக் கிடைமட்டமாக ஒரு வீச்சு வீசுங்கள். வயல் பச்சைப் பட்டையாகவும், வாய்க்கால் வெள்ளிக் கோடாகவும், வானம் நீலப் பட்டையாகவும் மாறும். ஓவியர்கள் அரூப ஓவியம் என்று சொல்வார்களே, அதுபோன்ற படம். உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை: எதிரே குறுக்காக ஓடும் வரப்பு அப்படியே இருக்கும், தென்னை மரம் காணாமல் போயிருக்கும். வரப்பு தன் திசையிலேயே நகர்ந்து தன்மேலேயே பதிகிறது. மரமோ பக்கவாட்டில் நகர்ந்து கரைந்துவிடுகிறது. காமிராவை மேலிருந்து கீழாக வீசினால் மரம் தங்கும், வரப்பு மறையும். பல கைப்பேசிகளில் ஷட்டர் நேரத்தை நாமே மாற்றும் வசதி உண்டு. செய்து பாருங்கள்.

கோணம்: வயலுக்குள் வந்த வானம்

நடவுக்கு முன் நீர் நிறுத்திய வயலின் வரப்பில் நின்று பாருங்கள். காலடியில் சேறு தெரியும். தூரத்தில் சேறு மறைந்து வானமே வயலில் இறங்கி வந்ததுபோல் இருக்கும். நீர் ஒன்றுதானே, ஏன் இந்த வேறுபாடு? நேர் கீழே பார்க்கும்போது, நீர்ப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தையே எதிரொளிக்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து 80 பாகை சாய்வாகப் பார்த்தால் அது ஏறத்தாழ 35 சதவீதமாகிறது. அந்த மிகுதியான எதிரொளிப்பில் சேற்றின் மங்கல் ஒளி மறைந்துபோகிறது.

இடையில் ஒரு சிறப்பான கோணம் உண்டு. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. எந்தக் கோணத்தின் டான் மதிப்பு 1.33 ஆகுமோ, அது சுமார் 53 பாகை. இதற்குப் புரூஸ்டர் கோணம் என்று பெயர். அந்தக் கோணத்தில் எதிரொளிக்கும் ஒளி முழுவதும் நீர்ப்பரப்புக்கு இணையான ஒரே திசையில் அதிர்கிறது. இதைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். தளவிளைவு வடிகட்டி, ஒரு திசை அதிர்வை விட்டு மறு திசை அதிர்வைத் தடுக்கும். அதை லென்சின் முன் மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் வானத்தின் நிழல் அணைந்துபோய்ச் சேறும் சிறு மீனும் தெரியும்.

எந்த இடத்தைப் பார்த்துச் சோதிப்பது? கணக்கு எளிது. நீர்மட்டத்திலிருந்து உங்கள் கண் இருக்கும் உயரத்தை 1.33 ஆல் பெருக்குங்கள். கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், காலடியிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளியுள்ள நீரைப் பாருங்கள். தளவிளைவு கொண்ட குளிர்க்கண்ணாடியே இதற்குப் போதும்.

நெல் இலையின் பளபளப்பும் பெரும்பாலும் இதே வகை எதிரொளிப்புதான். வடிகட்டியைத் திருப்பிப் பளபளப்பை நீக்கினால் அதே பயிர் இன்னும் கரும்பச்சையாகத் தெரியும். அந்தியில் மஞ்சள், காலையில் பச்சை, வடிகட்டி போட்டால் கரும்பச்சை. இவற்றுள் எதை நம்பி உரம் போடுவது?

அட்டை கற்றுத்தரும் பாடம்

இதற்கு வேளாண் அறிவியல் விடை கண்டிருக்கிறது. இலை வண்ண அட்டை என்ற எளிய கருவி, வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரையிலான பட்டைகள் கொண்டது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, முழுதாக விரிந்த மேல் இலைகள் பத்தை எடுத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறோ அதற்கு மேலோ குறித்த அளவுக்குக் கீழே இருந்தால்தான் தழைச்சத்து இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அந்த அளவு 3. மற்ற ரகங்களுக்குப் பொதுவாக 4.

அதைப் பயன்படுத்தும் விதிகளைக் கவனியுங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள் பார்க்க வேண்டும். இது நிறக் கோளாறைத் தவிர்க்கிறது. உடலின் நிழலில் இலையை வைத்துப் பார்க்க வேண்டும். இது நேர் வெயிலின் பளபளப்பைத் தவிர்க்கிறது. ஒருவரே தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் கண் வேறுபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டையும் இலையும் ஒரே ஒளியில் பக்கம்பக்கமாக இருக்கின்றன. ஒளி மாறினால் இரண்டுக்கும் சேர்ந்தே மாறும். ஒப்பீடு பெரிதாகக் கெடாது.

படம் எடுத்து அனுப்புவோரும் இம்முறையைப் பின்பற்றலாம். காலை வேளையில், இலையை உங்கள் நிழலில் வைத்து, அருகே ஒரு வெள்ளைத் தாளையோ வண்ண அட்டையையோ சேர்த்து எடுங்கள். எடுத்த நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். படத்தில் அந்த வெள்ளைத் தாளே மஞ்சளாக இருந்தால், குற்றம் பயிரில் இல்லை, ஒளியில் இருக்கிறது என்று பார்ப்பவர் உடனே அறிந்துகொள்வார்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்த வாரம் அவர் யூரியா வாங்கவில்லை. அட்டை ஒன்று வாங்கிக்கொண்டார். இப்போது நான் அந்தி வேளையில் முக்காலியோடு போய் நின்றால், “அழகுக்கு எடுக்கிறீங்களா, கணக்குக்கு எடுக்கிறீங்களா தம்பி?” என்று கேட்கிறார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.