கையெழுத்துக்கு முன் தெரிய வேண்டிய ஆங்கிலம்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போனால் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி வருகிறது. 1967-ல் தொடங்கப்பட்ட உயிரியல் பூங்காவும், மழைக்காலத்தில் அருவியும் இருப்பதால் விடுமுறை நாட்களில் அங்கே வெளியூர்க் கூட்டம் உண்டு. மற்ற நாட்களில் கடைக்காரருக்கு மலைக்கிராமத்து மக்கள்தான் வாடிக்கை. அவர்கள் புளியும் சாமையும் தேனும் கொண்டு வருவார்கள். உப்பும் பருப்பும் எண்ணெயும் வாங்கிப் போவார்கள். சரக்கு எடுக்க நம்மவர்கள் வேலூர் மண்டித் தெருவுக்கும் லாங்கு பஜாருக்கும் போய் வருகிறார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் தமிழிலேயே நடக்கிறது. ஆங்கிலம் காகிதத்தில்தான் வருகிறது.

அப்படி ஒரு காகிதத்தை அங்குள்ள மளிகைக் கடைக்கார அன்பர் ஒருவர் நம்மிடம் எடுத்துக் காட்டினார். நண்பர் ஒருவர் லோடு ஆட்டோ வாங்கக் கடன் எடுத்தபோது இவர் கியாரண்டர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். நண்பர் சில தவணை கட்டிவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டார். கடன் கொடுத்த நிறுவனம் இவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் கடிதத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தார். "என்னம்மா சொல்றான்?" என்று தகப்பனார் கேட்டதற்கு, "எல்லா வார்த்தையும் தெரியுதுப்பா, ஆனா என்ன சொல்றான்னு தெரியலை" என்றார். நம்மைச் சிந்திக்க வைத்தது இந்தப் பதில்தான்.

ஆங்கிலம் கற்பது என்றால் நம் வணிகர்களுக்கு நினைவு வருவது பேருந்து நிலையத்தில் விற்கும் முப்பது நாள் புத்தகங்கள். நலம் விசாரிக்கவும் வழி கேட்கவும் அவை உதவும். ஆனால் பாங்கும் இன்ஷூரன்ஸும் வரி அலுவலகமும் பேசும் ஆங்கிலம் வேறு. அதிலும் நீளமான, வாயில் நுழையாத சொற்களால் ஆபத்துக் குறைவு. தெரியாத சொல் என்றால் நாலு பேரிடம் கேட்டுவிடுவோம். பள்ளிக்கூடத்திலேயே படித்த, தெரிந்ததாக நினைத்துத் தாண்டிப் போகும் சின்னச் சொற்கள்தான் காலை வாருகின்றன.

'ஆவரேஜ்' என்றால் சராசரி என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். தீ விபத்துப் பாலிசியில் அதற்குப் பொருள் வேறு. கடையில் 10 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 5 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தீ விபத்தில் 2 லட்ச ரூபாய்ச் சரக்கு போய்விட்டது. 5 லட்சத்துக்குள்தானே நஷ்டம், முழுதும் கிடைக்கும் என்று நாம் நினைப்போம். ஆவரேஜ் என்ற விதிப்படி, பாதி மதிப்புக்குத்தான் இன்ஷூர் செய்தீர்கள், எனவே நஷ்டத்திலும் பாதிதான் என்று கணக்குப் போட்டு 1 லட்சம் தருவார்கள். 2021 ஏப்ரல் முதல் சிறு வணிகர்களுக்கு வந்துள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைமதிப்பைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேல் குறைத்துக் காட்டினால் பழைய கதைதான். தீபாவளிக்குச் சரக்கை நிரப்பும் நண்பர்கள் பாலிசித் தொகையை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

'கிரெடிட்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு பொருள். "கிரெடிட்ல குடுங்க" என்றால் கடன். பாஸ்புக்கில் கிரெடிட் என்றால் வரவு. ஒரே சொல் எப்படி இரண்டும் ஆகிறது? பாஸ்புக் என்பது நமது கணக்கல்ல. பாங்கின் பேரேட்டில் நம் பெயரில் உள்ள பக்கத்தின் நகல். நாம் 5,000 ரூபாய் கட்டினால் பாங்கு நமக்கு 5,000 தர வேண்டியவர் ஆகிறது. அதை அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து கிரெடிட் என்று எழுதுகிறார்கள். நம் பேரேட்டில் அதே தொகை பாங்கின் பெயரில் பற்றாக, அதாவது டெபிட்டாக, இருக்கும். இது விளங்கிவிட்டால் மொத்த வியாபாரி அனுப்பும் கிரெடிட் நோட்டும் விளங்கும். பூச்சி விழுந்த பருப்பையோ உடைந்த பிஸ்கட் பெட்டியையோ திருப்பினால், நாம் தர வேண்டிய பாக்கியில் அவ்வளவு குறைத்தேன் என்று அவர் எழுதித் தரும் சீட்டு அது. "அடுத்த பில்லுல பாத்துக்கலாம்ணா" என்ற வாய்ச்சொல்லை நம்பி அதை வாங்காமல் விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

'காம்போசிஷன்' என்றால் பள்ளியில் கட்டுரை. ஜி.எஸ்.டி.யில் அது இணக்க வரி. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் உள்ள வியாபாரி இத்திட்டத்தில் சேர்ந்தால் வரிவிதிப்புக்குரிய விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. உள்ளீட்டு வரியையும் கழித்துக்கொள்ள முடியாது. கொடுக்கும் சீட்டும் 'டாக்ஸ் இன்வாய்ஸ்' அல்ல, 'பில் ஆஃப் சப்ளை'. அதன் தலைப்பில் 'காம்போசிஷன் டாக்ஸபிள் பெர்சன், நாட் எலிஜிபிள் டு கலெக்ட் டாக்ஸ் ஆன் சப்ளைஸ்' என்று அச்சிட வேண்டும் என்பது விதி. அச்சகத்தார் போட்டுக் கொடுத்த அந்த வரியைத் தினமும் கிழித்துக் கொடுக்கிறோம். 'நாட் எலிஜிபிள்' என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு அதே சீட்டில் வரி சேர்த்து வாங்கினால் அகப்படுவது நாம்தான்.

இனி வட்டி. வட்டி நமக்குப் புதிதல்ல. அசல், வட்டி, வாயிதா எல்லாம் நம் பாட்டன் காலத்துச் சொற்கள். ஆனால் 'ஃபிளாட்' என்ற ஒரு சொல்லில் பலர் ஏமாந்திருக்கிறோம். 1 லட்ச ரூபாயை 12 சதவீத ஃபிளாட் வட்டியில் ஓராண்டுக்கு வாங்கினால் வட்டி 12,000; மாதத் தவணை 9,333 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ கடைசி வரை முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. உண்மையில் நாம் கட்டுவது ஆண்டுக்கு ஏறக்குறைய 21½ சதவீதம். அதே 12 சதவீதம் 'ரெடியூசிங் பேலன்ஸ்' முறையில் என்றால் தவணை 8,885 ரூபாய்தான். மொத்த வட்டி 6,600 சொச்சம். இரண்டு காகிதத்திலும் 12 என்ற எண்ணே இருக்கும். ஆங்கிலத்தில் இருந்தால்தான் ஏமாற்று என்று சொல்லவில்லை. 9,000 கையில் வாங்கி நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டும் நம் தண்டல் கணக்கை இதே முறையில் போட்டுப் பார்த்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. அது நல்ல தமிழில்தான் நடக்கிறது.

இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபருக்கும் சிறு தொழில்களுக்கும் தரும் தவணைக் கடன்களில் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத் தாளைத் தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு விதித்துள்ளது. கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியை 'ஏ.பி.ஆர்.' என்ற பெயரில் அதில் காட்ட வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. "தமிழில் கொடுங்கள்" என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. கேட்கக் கூச்சப்படுவது நம்மவர்களின் வழக்கம். கல்லாவில் நாலணாவுக்கு வாதாடுகிறவர்கள் பாங்கு மேசைக்கு முன் வாய் திறப்பதில்லை.

சொற்களைக் கற்க நாம் கண்ட எளிய முறை, அகராதியை எடுக்காமல் நம் சொந்தக் காகிதங்களை எடுப்பது. பாஸ்புக், பாலிசி, கடன் பத்திரம், ஜி.எஸ்.டி. சான்று, காசோலைப் புத்தகம் என ஒவ்வொன்றுக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, புரியாத சொல்லை மட்டுமல்ல, புரிந்ததாக நினைக்கும் சொல்லையும் எழுதிக்கொண்டு, எதிரே நம் கடைத்தெருவின் சொல்லைப் போட வேண்டும். பாதிக்கு நம்மிடமே சொல் இருக்கிறது. 'பிளெட்ஜ்' என்பது அடகு. பொருள் கடன் கொடுத்தவர் பெட்டியில் இருக்கும். 'மார்ட்கேஜ்' என்பது வீடு, நிலத்தின் மீதான அடமானம். 'ஹைப்பாதிகேஷன்' என்பதற்குத்தான் கடைத்தெருவில் ஒற்றைச் சொல் இல்லை: வண்டியோ சரக்கோ நம்மிடமே இருக்கும், உரிமைப் பிடி மட்டும் அவர்களிடம் இருக்கும். 'நாமினி' என்பதை வாரிசு என்று பலர் எழுதி வைத்திருப்பார்கள், அதை உடனே அடித்துவிடுங்கள். பாங்குக் கணக்கில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள்தான். உரிமையுள்ள வாரிசுகள் வேறாக இருக்கலாம். நம் ஊர்க் 'கிடங்கு' என்ற சொல்லே மலாய் மொழி வழியாகப் போய் ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆனது என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். கொடுத்த இடத்தில் வாங்கவும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அமிர்தி அன்பரின் காகிதத்துக்கு வருவோம். அவர் மகளுக்குப் புரியாத வரியில் இருந்த சொல் 'கோ-எக்ஸ்டென்சிவ்'. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவில் இருந்து வந்த சொல் அது. கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று பொருள். "முதல்ல அவன்கிட்ட கேக்கட்டும், அவன் குடுக்கலைன்னா என்கிட்ட வரட்டும்" என்று அன்பர் சொன்னார். நியாயமான பேச்சுதான், சட்டம் அப்படி இல்லை. கடன் கொடுத்தவர் முதலில் கடனாளியிடம் முயன்று தீர்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்பதில்லை என 1968-ல் பாங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கியாரண்டர் என்பதை 'ஆளைத் தெரியும் என்று சொல்லும் சாட்சி' என்று நினைத்தே அவர் கையெழுத்திட்டிருக்கிறார். இப்படி நினைப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதை நம் சங்கத்தாரும் அறிவார்கள்.

ஆனால் அதே சட்டத்தில் அவருக்கு உதவும் உரிமையும் இருக்கிறது. 'சப்ரகேஷன்' என்பது அதன் பெயர், 140-ஆவது பிரிவு. பாக்கியை முழுதும் கட்டித் தீர்த்த ஜாமீன்தாரர், கடன் கொடுத்தவரின் இடத்தில் தாம் நின்று கடனாளியிடம் வசூலிக்கலாம். 141-ஆவது பிரிவின்படி, ஜாமீன் கொடுத்தபோது கடனுக்கு ஈடாக இருந்த பொருளின் பயனும் ஜாமீன்தாரருக்கு உண்டு. அந்த ஈட்டைக் கடன் கொடுத்தவர் இவர் சம்மதமில்லாமல் கைவிட்டுவிட்டால், அதன் மதிப்பு அளவுக்கு இவர் பொறுப்பு குறையும். இந்த உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன் என்று பத்திரத்திலேயே 'வெய்வ்' என்ற சொல்லால் எழுதி வாங்குவதும் உண்டு. ஆகவே பத்திரத்தின் நகலை முதலில் கேட்டு வாங்கி, அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பிறகு வக்கீலிடம் போகலாம். கேட்க வேண்டியது இன்னது என்று தெரிந்து போகிறவருக்கு வக்கீலின் நேரமும் மிச்சம், நம் பணமும் மிச்சம்.

நாம் கிளம்பும்போது மகள் கடை மேசையில் உட்கார்ந்து அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தகப்பனார் கையெழுத்திட்ட பத்திரத்தின் முழு நகலையும், இதுவரை கட்டிய தவணைகளின் விவரத்தையும் கேட்டிருந்தார். மூன்றாவதாக ஒரு கேள்வியைத் தகப்பனார் தமிழில் சொல்ல, அதை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். கேள்வி இதுதான்: ஹைப்பாதிகேஷனில் உள்ள அந்த லோடு ஆட்டோ இப்போது எங்கே இருக்கிறது?