நான்கு கோடி இலக்கங்களின் வரவு செலவு

13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் வரும் எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 2024 அக்டோபரில் அது பகா எண் என்று உறுதியானது. அதுவரை அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணான, 2018 டிசம்பரில் கிடைத்த எண்ணுக்கு 2,48,62,048 இலக்கங்கள்தான்.

பக்கத்துக்கு 3,000 இலக்கம் வீதம் அச்சிட்டால் 13,675 பக்கம். 500 பக்கத் தொகுதிகளாக 28. நொடிக்கு ஓர் இலக்கம் வாசித்தால் ஏறத்தாழ 475 நாள். கணினியில் 17 மெகாபைட் போதும். இரும முறையில் வெறும் ஒன்றுகள் மட்டுமே வரிசைகட்டி நிற்கும்.

அதன் கடைசி இரண்டு இலக்கங்களைப் பேனாவாலேயே கண்டுபிடிக்கலாம். 2-இன் அடுக்குகளில், 2-ஆம் அடுக்கு முதல், கடைசி ஈரிலக்கம் 20 அடுக்குக்கு ஒருமுறை திரும்பி வரும். 13,62,79,841-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 21-ஆம் அடுக்கான 20,97,152 முடிவதுபோல 52-இல் முடியும். 1 போனால் 51.

இவ்வளவு பெரிய எண் பகா எண்தான் என்று எப்படித் தெரியும்? லூக்கா–லேமர் சோதனையை 31-இல் போட்டுப் பார்ப்போம். 31 என்பது 2-இன் 5-ஆம் அடுக்கில் 1 குறைவு. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும்: 14. மறுபடியும்: 194, 31-ஆல் வகுத்த மீதி 8. மறுபடியும்: 62, மீதி 0. அடுக்கு எண்ணில் 2 குறைவாக, அதாவது 3 படியில் 0 வந்துவிட்டது. 31 பகா எண். நம் எண்ணுக்குப் படிகள் 13,62,79,839. ஒவ்வொரு படியிலும் பெருக்கப்படுவது கோடிக்கணக்கான இலக்கம் கொண்ட எண். சோதனையின் பெயரில் உள்ள எட்வார்ட் லூக்கா 1876-இல் 39 இலக்க எண்ணொன்றைக் கையாலேயே கணக்கிட்டு பகா எண் என்று நிறுவினார். என் கணக்கில் இந்த வெற்றியின் முதல் பங்கு அவருக்குத்தான்.

இனி செலவு. தேடியவர் லூக் டுரான்ட், என்விடியாவின் முன்னாள் ஊழியர். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வத் தேடலில் சேர்ந்து, 17 நாடுகளில் கிராஃபிக்ஸ் சிப்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். அக்டோபர் 11-இல் டப்ளினில் இருந்த சிப் முதல் தடயத்தைக் காட்டியது. மறுநாள் டெக்சஸின் சான் அன்டோனியோவில் லூக்கா–லேமர் சோதனை அதை உறுதிசெய்தது. அவர் கைக்காசு சுமார் 20 லட்சம் டாலர் போனதாகச் செய்திகள் சொல்லின. பரிசு 3,000 டாலர்.

வங்கிப் பூட்டுகளுக்கு இந்த எண் உதவாது. ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையின் 2,048 பிட் சாவிக்கு ஏறக்குறைய 308 இலக்கப் பகா எண்கள் இரண்டு போதும். ஆனாலும் அந்தப் பணம் வீண் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தேடல் நிறைவெண் ஒன்றையும் கூடவே தந்தது: தன்னை விடுத்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தானேயாகும் அந்த எண்ணுக்கு 8,20,48,640 இலக்கங்கள்.

10 கோடி இலக்கப் பகா எண்ணுக்கு 1,50,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இதே வகை எண்ணாக அது அமைய, அடுக்கு 33.2 கோடியைத் தொட வேண்டும். படிகளும் 2.4 மடங்கு, ஒவ்வொரு படியிலும் வரும் எண்ணின் நீளமும் 2.4 மடங்கு, ஒரே ஓர் எண்ணைச் சோதிக்கவே ஏறக்குறைய 6 மடங்கு வேலை.