மலையேறும் முன் மூச்சைக் காப்போம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்ட வேலைக்காக விடியற்காலையில் ஜீப்பில் ஏறுவோர், சமவெளியை விட்டு மலையின் குளிருக்கும் மூடுபனிக்கும் விரைவில் சென்று சேர்கின்றனர். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்காற்று, காய் உலர்த்தும் இடத்தின் விறகுப்புகை, தரம் பிரிக்கும்போது எழும் தூசி ஆகியவை இளைப்பைத் தூண்டக்கூடும். மேலே மூச்சு முட்டினால், அத்தனை வளைவுகளையும் கடந்துதான் கீழே வர வேண்டும். ஆகவே நலமாக இருக்கும் நாட்களிலேயே மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது; சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சல்பியூட்டமால் போன்ற நிவாரண இன்ஹேலர் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், வீக்கத்தைத் தணிக்காது. அதைத் தணிப்பது ஸ்டீராய்டு கொண்ட தடுப்பு இன்ஹேலரே. இளைப்பு இல்லையென்று அதை நிறுத்தினால், வீக்கம் ஓசையின்றி மீண்டும் வளரும். சல்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சை பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் கூடாது என்று 'ஜினா' எனும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019 முதல் அறிவுறுத்துகிறது.

இன்ஹேலர் பழகினால் விடமுடியாது என்ற அச்சம் வேண்டாம். சல்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கும்; இன்ஹேலரின் ஓர் அழுத்தில் பொதுவாக 100 மைக்ரோகிராம், அதாவது அதில் 20-இல் ஒரு பங்குதான். மருந்து நேரே நுரையீரலுக்குச் செல்வதால் இவ்வளவே போதுமானது.

அழுத்தி உபயோகிக்கும் இன்ஹேலரை மூடி கழற்றி நன்கு குலுக்குங்கள். நிமிர்ந்து அமர்ந்து மூச்சை முழுவதும் வெளிவிடுங்கள். வாய்க்குழலை உதடுகளால் இறுக மூடி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்துங்கள். தொடர்ந்து ஆழமாக இழுத்து, 10 விநாடி மூச்சை அடக்குங்கள். அடுத்த அழுத்துக்கு அரை நிமிடமேனும் காத்திருந்து, மீண்டும் குலுக்குங்கள். ஸ்பேசர் குழாயைப் பொருத்தினால் மருந்து தொண்டையில் படிவது குறையும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அது இன்றியமையாதது. தடுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

கேப்சூல் போட்டு இழுக்கும் பவுடர் இன்ஹேலருக்கு முறை வேறு: வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதனுள் ஊதக்கூடாது, கேப்சூலை விழுங்கவும் கூடாது. மலையின் ஈரம் பவுடரைக் கட்டியாக்கும் என்பதால், உலர்ந்த டப்பாவில் வைத்திருங்கள்.

வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நிவாரண மருந்து தேவைப்பட்டாலோ, இரவில் இளைப்பால் விழித்தாலோ மருத்துவரைக் காணுங்கள். ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் பேச இயலாமை, உதடு நீலமாதல், நிவாரண மருந்துக்கும் இளைப்பு அடங்காமை ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அமர்த்தி, நிவாரண மருந்து கொடுத்தபடியே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வரும்போது உங்கள் இன்ஹேலரையும் கொண்டுவாருங்கள். எங்கள் முன்னிலையில் ஒருமுறை உபயோகித்துக் காட்டினால், மருந்தை மாற்ற வேண்டுமா, முறையைத் திருத்தினால் போதுமா என்பது தெளிவாகும்.